அவரையே கேளுங்கள்

(நவம்பர் மாத வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவருக்கு ஆண்டவர் இயேசு பார்வை தருகிறார். அதை நம்ப மறுத்தவர்கள் அவருடைய பெற்றோரை வரவழைத்து விசாரிக்கிறார்கள். பெற்றோருக்குப் பயம். மகன் வயதுக்கு வந்தவன், அவனைப் பற்றியதை அவனிடமே கேட்டுக்கொள்ளலாமே என்று சொல்லி விலகிக்கொள்கிறார்கள். பயத்தில் சொன்ன பதில்தான். ஆனாலும் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு மனிதரின் உடலைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் அறிய வேண்டுமானால், முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும்.

இது இறந்தோரை நினைவுகூரும் மாதம். கல்லறைகளைச் சுத்தம் செய்து, மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். திருப்பலிக்குக் கருத்து கொடுக்கிறோம். இறந்தவர்களை நாம் மறப்பதில்லை. ஆனால் இறந்துகொண்டிருப்பவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

நோயில்பூசுதல் கொடுக்கப் போகும்போது குருக்கள் பலரும் வாசலிலேயே கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: "சாமி, அப்பாவுக்கு என்ன நோய்னு இன்னும் சொல்லலை. நீங்களும் எதையும் காட்டிக்காதீங்க." சில நாள் கழித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதே குடும்பம் நிற்கும். "வென்டிலேட்டர் போடலாமா? உடனே சொல்லுங்கள்" என்று மருத்துவர் கேட்பார். மூத்த மகன் வேண்டாம் என்பார். வெளிநாட்டிலிருக்கும் மகள் தொலைபேசியில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் செய்யச் சொல்வார். அம்மா பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா எதை விரும்புவார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டிருக்கக்கூடிய நாள்களும் போய்விட்டன.

இறுதிக்கால சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே பேசி எழுதிவைப்பது வெளிநாட்டு வழக்கம், கருணைக் கொலைக்குப் பக்கத்தில் நிற்கும் பாவம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த எண்ணத்தின் ஆழமான வேர்களில் ஒன்று நம் திருச்சபையின் மண்ணிலேயே இருக்கிறது. அந்த வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சலமான்காவில் ஒரு வகுப்பு

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற தொமினிக்கன் துறவி இறையியல் கற்பித்தார். அமெரிக்கப் பழங்குடி மக்களின் உரிமைகளுக்காகப் பேசியவர் என்று வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. உயிரைக் காக்கும் கடமை எதுவரை நீளும் என்ற கேள்வியையும் அவர் எடுத்துக்கொண்டார்.

உயிர் கடவுள் தந்த கொடை. அதை அழிப்பது பாவம். அப்படியானால் உயிரை நீட்டிக்க உலகில் இருக்கும் வழிகள் அனைத்தையும் ஒருவர் கையாண்டே ஆக வேண்டுமா? வித்தோரியா இல்லை என்றார். சாப்பிடுவதே பெரும் வதையாகிவிட்ட நோயாளி சாப்பிட முடியாமல் போனால் அவர் பாவி அல்ல என்றார். கோழி, கௌதாரி போன்ற விலையுயர்ந்த உணவைச் சாப்பிட்டால் இன்னும் 20 ஆண்டு வாழலாம் என்று மருத்துவரே சொன்னாலும், அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கடமை ஒருவருக்கு இல்லை என்றார்.

அவருக்குப் பின் வந்த தொமிங்கோ பாஞ்ஞெஸ் என்ற இன்னொரு தொமினிக்கன் துறவி இதற்கு ஒரு பெயர்ப் பாகுபாட்டைக் கொடுத்தார். சாதாரண வழிகளைப் பின்பற்றக் கடமை உண்டு. அசாதாரண வழிகளை ஒருவர் விரும்பினால் ஏற்கலாம், மறுத்தாலும் குற்றமில்லை. மயக்கமருந்தே இல்லாத அந்தக் காலத்தில் காலை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை அசாதாரண வழிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது. 1846இல் ஈதர் மயக்கமருந்து வந்த பிறகு அந்த எடுத்துக்காட்டும் மெல்ல மாறியது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. எது சாதாரணம், எது அசாதாரணம் என்பதற்கு நிலையான பட்டியல் கிடையாது. காலம் மாறினால் மாறும். இடம் மாறினால் மாறும். ஆளுக்கு ஆள் மாறும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்வது 40 வயது ஆசிரியருக்கு வாழ்வு தரும். பல நோய்களோடு படுத்திருக்கும் 85 வயதுப் பாட்டிக்கு அது தாங்க முடியாத சுமையாக இருக்கலாம். சுமையின் பாரம் சுமக்கிறவருக்குத்தான் தெரியும். ஆகவே நோயாளியைக் கேட்காமல் இந்தத் தராசைப் பிடிக்கவே முடியாது.

மூச்சை இயந்திரம் ஏற்றுக்கொண்டபோது

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோய் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் சாகத் தொடங்கினார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ஒரு பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்றை அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அந்தப் பைகளை அமுக்கினார்கள். பல உயிர்கள் பிழைத்தன. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. இந்தக் கருவிகளை நாம் குறைத்துப் பேசக் கூடாது. கொரோனா காலத்தில் அவை கிடைக்காமல் நாம் தவித்ததை மறந்துவிட முடியுமா?

ஆனால் கருவி வந்ததும் புதிய கேள்வியும் வந்தது. பிழைப்பார் என்ற நம்பிக்கையே இல்லாத ஒருவருக்கும் இயந்திரத்தால் மூச்சைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமா? ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகர மயக்கவியல் மருத்துவர் புரூனோ ஹைட் இந்தக் கேள்வியைத் திருத்தந்தை 12ஆம் பயஸிடம் கொண்டுசென்றார். 1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் திருத்தந்தை மருத்துவர்களுக்குப் பதில் அளித்தார்.

சலமான்காவின் போதனையையே அவர் மீண்டும் எடுத்தார். தனக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகாத வழிகளையே ஒருவர் பின்பற்றக் கடமைப்பட்டிருக்கிறார் என்றார். பிறருக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலத்தை விற்று, தாலிக்கொடியை அடகுவைத்து, நம்பிக்கையற்ற சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று திருச்சபை எந்தக் குடும்பத்தையும் கட்டாயப்படுத்தவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று இன்றைய நம் பொருளுக்கு இன்னும் முக்கியம். மருத்துவருக்கு நோயாளியின்மீது தனியான உரிமை எதுவும் இல்லை. நோயாளி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ இசைவு தந்தால்தான் அவர் செயல்பட முடியும் என்றார். நோயாளி நினைவிழந்து கிடக்கும்போது குடும்பத்தார் முடிவெடுப்பதும் தங்கள் விருப்பப்படி அல்ல. அவருடைய விருப்பம் எதுவாக இருந்திருக்கும் என்று அறிந்து, அதன்படிதான் நடக்க வேண்டும் என்றார். பல நாடுகளின் சட்டப் புத்தகங்களில் இந்த எண்ணம் நுழைவதற்கு வெகு முன்பே ஒரு திருத்தந்தை இதைச் சொல்லிவிட்டார்.

ஒரு மகள், ஒரு தந்தை, ஒரு பங்குக் குரு

1975ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் மயங்கி விழுந்தார். மூச்சு நின்றிருந்த நேரத்தில் மூளை சேதமடைந்து, திரும்பாத மயக்க நிலைக்குப் போனார். வென்டிலேட்டர் பொருத்தப்பட்டது. வளர்ப்புப் பெற்றோரான ஜோசப்பும் ஜூலியாவும் ஆழ்ந்த கத்தோலிக்கர்கள். மாதக்கணக்கில் செபித்துக் காத்திருந்தார்கள். பின்பு ஜோசப் தம் பங்குக் குரு தாமஸ் டிரபாசோவிடம் போனார். இயந்திரத்தை அகற்றக் கேட்பது பாவமா என்பதுதான் அவருடைய வேதனை. 12ஆம் பயஸின் போதனையைக் குருவானவர் அவருக்கு விளக்கினார். மறைமாவட்ட ஆயர் லாரன்ஸ் கேசியும் பெற்றோரின் முடிவு திருச்சபைப் போதனைக்கு ஏற்றதே என்று அறிக்கை தந்தார்.

மருத்துவர்கள் மறுத்ததால் வழக்கு நீதிமன்றம் போனது. கேரன் நல்ல நிலையில் இருந்தபோது, இயந்திரத்தில் கிடக்கும் வாழ்வு எனக்கு வேண்டாம் என்ற கருத்தில் வீட்டாரிடமும் தோழியரிடமும் பேசியிருந்தார். அவர்கள் அதைச் சாட்சியமாகச் சொன்னார்கள். ஆனால் பேச்சுவாக்கில் சொன்ன அந்தச் சொற்களை உறுதியான ஆதாரமாக நீதிமன்றம் ஏற்கவில்லை. வேறு வழியில்தான் தீர்ப்பு வந்தது. 1976ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒரே மனதாக, கேரன் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பைத் தந்தையிடம் கொடுத்தார்கள்.

இயந்திரம் அகற்றப்பட்டது. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாகக் கேரன் தாமாகவே மூச்சுவிட்டார். 1985 ஜூன் 11 வரை, இன்னும் ஒன்பது ஆண்டுகள், உயிரோடு இருந்தார். அந்தக் காலம் முழுவதும் குழாய் வழியாக உணவு கொடுக்கப்பட்டது. அதை நிறுத்தும்படி ஜோசப் கேட்கவே இல்லை. மகளைச் சாகடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணமாக ஒருநாளும் இருந்ததில்லை. பயனற்ற சுமையை இறக்கிவைத்து, மகளைக் கடவுளின் கையில் விடுவதுதான் அவர் கேட்டது. கருணைக் கொலைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அந்த ஒன்பது ஆண்டுகளே காட்டுகின்றன. பின்னாளில் அந்தப் பெற்றோர் இறுதிக்கால நோயாளிகளுக்கென மகளின் பெயரில் ஒரு பராமரிப்பு இல்லத்தையும் தொடங்கினார்கள்.

எழுத்தும் பேச்சும்

பேச்சுவாக்கில் சொன்னது போதாது என்றால் எழுதிவைக்கலாம் அல்லவா? 1969இலேயே லூயிஸ் கட்னர் என்ற சிகாகோ வழக்கறிஞர் இதைப் பற்றி எழுதியிருந்தார். சொத்துக்கு உயில் எழுதுவதுபோல், உயிரோடு இருக்கும்போதே சிகிச்சைக்கும் உயில் எழுதலாம் என்றார். 'லிவிங் வில்' என்ற பெயர் அப்படித்தான் பரவியது. 1974இல் அமெரிக்கக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கமே கிறிஸ்தவ நம்பிக்கையின் மொழியில் ஒரு மாதிரி ஆவணத்தை வெளியிட்டது. 1976இல் கலிபோர்னியா மாநிலம் இதற்கு முதல் சட்டம் இயற்றியது. மருத்துவமனையில் சேரும் நோயாளிகளுக்கு இந்த உரிமையை எடுத்துச்சொல்ல வேண்டும் என்ற தேசியச் சட்டம் 1991 டிசம்பரில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வந்தது. தாள்களும் வந்தன. நிலைமை மாறியதா? 1995இல் அமெரிக்காவின் ஐந்து பெரிய மருத்துவமனைகளில் 9,000க்கும் மேற்பட்ட கடும் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. இதயம் நின்றால் மீண்டும் துடிக்கவைக்கும் முயற்சி வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளின் விருப்பம், அவர்களுடைய மருத்துவர்களில் 47 விழுக்காட்டினருக்கே தெரிந்திருந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களை வைத்து மருத்துவர்களுக்குத் தகவல் கொடுத்துப் பார்த்தும் நிலைமை மாறவில்லை.

அதே காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் லா குரோஸ் என்ற சிறு நகரில் வேறொன்று நடந்தது. அங்கிருந்த மருத்துவமனைகள், பிரான்சிஸ்கன் சகோதரிகள் தொடங்கிய மருத்துவமனையும் சேர்ந்து, 1991இல் ஒரு முயற்சியைத் தொடங்கின. ஆள்களைப் பயிற்றுவித்து, நோயாளியோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து நிதானமாகப் பேசவைத்தார்கள். உங்களுக்கு எது முக்கியம், எதைக் கண்டு பயம், உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக யார் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பிறகு அங்கே இறந்த 540 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 85 விழுக்காட்டினர் தங்கள் விருப்பத்தை எழுதிவைத்திருந்தார்கள். பெரும்பாலும் அது மருத்துவமனைக் கோப்பிலேயே இருந்தது. பேச்சு முதலில் நடந்தது. அதனால் எழுத்துக்கும் உயிர் இருந்தது.

திருச்சபையின் குரல்

1980ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கருணைக் கொலையை வன்மையாகக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சிகிச்சையால் வரும் பயனையும் சுமையையும் எடைபோடும்போது, நோயாளியின் நியாயமான விருப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2278ஆம் எண்ணில் இதே வழியைக் காட்டுகிறது. முடிவு நோயாளியுடையது, அவரால் முடியாதபோது அவர் சார்பில் பேச உரிமை உள்ளவர்களுடையது. உணவும் நீரும், குழாய் வழியாகக் கொடுத்தாலும், பொதுவாகக் கொடுக்கப்பட வேண்டிய இயல்பான பராமரிப்பே என்று 2004இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் தெளிவுபடுத்தினார்.

அடுத்த ஆண்டு அவரே அந்தப் பாடத்தைத் தம் படுக்கையில் வாழ்ந்து காட்டினார். 2005 பிப்ரவரியில் மருத்துவமனை சென்றார். தொண்டையில் துளையிடும் சிகிச்சையை ஏற்றார். மூக்கு வழிக் குழாயையும் ஏற்றார். மார்ச் 31ஆம் நாள் கடும் காய்ச்சல் கண்டு நிலை மோசமானபோது, மறுபடி மருத்துவமனைக்குப் போகாமல் தம் அறையிலேயே இருக்க விரும்பினார். நோயில்பூசுதல் பெற்றார். ஏப்ரல் 2ஆம் நாள் இரவு, தந்தையின் இல்லத்துக்குப் போகவிடுங்கள் என்ற பொருளில் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டு, ஆண்டவரில் துயில்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் அவருடைய விருப்பத்தைக் கேட்டார்கள். கேட்டபடி நடந்தார்கள்.

நம் நாட்டில்

மும்பையின் அருணா ஷான்பாக் என்ற செவிலியரை நீங்கள் அறிவீர்கள். 1973இல் கொடிய தாக்குதலுக்கு ஆளாகி, 2015இல் இறக்கும்வரை 42 ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்தார். அவரைப் பராமரித்த செவிலியர்களின் அன்பு நம் கண்களைக் கலங்கவைப்பது. அவருக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 2011இல் வந்த தீர்ப்பிலிருந்து நம் நாட்டில் இந்த விவாதம் சூடுபிடித்தது. 2018 மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிகிச்சை பற்றிய முன்விருப்ப ஆவணத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் பெற வேண்டியிருந்ததால் நடைமுறையில் கடினமாக இருந்தது. 2023 ஜனவரி 24இல் நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். நமக்காகப் பேசுபவர்களின் பெயர்களைக் குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பப் பெறலாம். நாம் முடிவெடுக்க முடியாத நிலையில், குணமாகும் நம்பிக்கை இல்லை என்று மருத்துவக் குழுக்கள் உறுதிசெய்த பின்பே அந்த ஆவணம் செயல்படும்.

நீதிமன்றம் இதை 'பாஸிவ் யூத்தனேசியா' என்ற பெயரால் அழைப்பதால் நம் மக்களுக்குக் குழப்பம் வருகிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், உள்ளடக்கத்தைப் பாருங்கள். ஊசி போட்டுச் சாகடிக்கும்படி கிறிஸ்தவர் எழுத முடியாது. உணவும் நீரும் கொடுக்காமல் விட்டுவிடும்படியும் எழுதக் கூடாது. உடல் அவற்றை ஏற்கவே முடியாத கடைசிக் கட்டம் வேறு. வலிநீக்கும் மருந்து வேண்டும், தனியே விடாதீர்கள், குருவானவரை நினைவு இருக்கும்போதே அழையுங்கள், நற்கருணை வேண்டும் என்று கட்டாயம் எழுதலாம். முடிந்தவரை எல்லா சிகிச்சையும் வேண்டும் என்று விரும்புகிறவர் அதையும் எழுதலாம். விருப்பம் என்றாலே மறுப்பு என்று பொருள் இல்லை.

பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. "எனக்கு எதுவும் வேண்டாம், செலவு பண்ணாதீங்க" என்று அம்மா சொன்னால் உடனே காகிதத்தை நீட்டாதீர்கள். அது அவருடைய விருப்பமா, நம் முகச்சுளிப்பைப் பார்த்துப் பிறந்த சொல்லா என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாரமாகிவிட்டோம் என்று நினைக்கும் பெற்றோருக்குத் தேவை படிவம் அல்ல. பக்கத்தில் உட்காரும் பிள்ளை.

அன்பார்ந்தவர்களே, பார்த்திமேயு கண் தெரியாதவர் என்பது ஆண்டவருக்குத் தெரியும். ஆனாலும், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் குணமாக்கினார். எல்லாம் அறிந்தவரே கேட்டார் என்றால், ஒன்றும் அறியாத நாம் கேட்காமல் இருக்கலாமா?

இந்த மாதம் கல்லறைக்குப் போய்வந்த ஒரு மாலையில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வீட்டுப் பெரியவரோடு உட்காருங்கள். முடியாமல் போனால் எங்கே இருக்க ஆசை, எதைக் கண்டு பயம், எங்களில் யார் உங்களுக்காகப் பேச வேண்டும், சாமியாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். இடையில் பேச்சு நின்றுபோனால் பதற வேண்டாம். கண்ணீர் வந்தால் வரட்டும். அவர் சொன்னதை எல்லாப் பிள்ளைகளும் அறியட்டும், பிறகு எழுதுங்கள். நடுவயதில் இருக்கும் நாமும் நம் விருப்பத்தை நம் பிள்ளைகளிடம் சொல்லிவைப்போம். நாளைக்கு மருத்துவமனை வாசலில் அவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிடாமல், ஒன்றாக நின்று செபமாலை சொல்ல அது உதவும்.

இயேசுவும் மரியாவும் அருகிலிருக்க உயிர்விட்ட புனித யோசேப்பே, நன்மரணத்தின் பாதுகாவலரே, நோயுற்றிருப்போருக்காகவும் அவர்களைப் பராமரிப்போருக்காகவும் மன்றாடும். கேட்கும் துணிவை எங்களுக்கும், சொல்லும் அமைதியை அவர்களுக்கும் பெற்றுத் தாரும். ஆமென்.